நோயாளியின் தட்டில் பயறு: விலக்க வேண்டியதா, சேர்க்க வேண்டியதா?

சம்பா அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாட்கள் இருக்கும்போதே, நிற்கும் நெற்பயிருக்குள் உளுந்தையும் பச்சைப்பயற்றையும் தெளித்து விடுவது மன்னார்குடி வட்டார உழவர்களின் வழக்கம். அப்போது மண் மெழுகுப் பதத்தில் இருக்க வேண்டும். பின்னர், எஞ்சிய ஈரத்தையும் இரவுப் பனியையும் கொண்டே பயிர் வளர்ந்து, 65 முதல் 75 நாட்களில் காய் முற்றிவிடும். 1922ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம், இத்தகைய நெல் தரிசுக்கு ஏற்ற உளுந்து, பயறு இரகங்களையும் உருவாக்கித் தந்துள்ளது. நெல் விளையும் வயலிலேயே பயறும் விளைகிறது. ஆனால், நோயுற்றவரின் தட்டிலோ பெரும்பாலும் அரிசி மட்டுமே எஞ்சுகிறது.

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவருக்கு நொய்க்கஞ்சியும் ஊறுகாயும், அல்லது ரசஞ்சோறும் மட்டும் கொடுக்கப்படுவதை நாங்கள் அடிக்கடி அறிய நேர்கிறது. “பருப்பு வாயு”, “பயறு புண்ணில் சீழ் வைக்கும்” என்று சொல்லி அவை விலக்கப்படுகின்றன. இது அக்கறையினால் செய்யப்படுவதே. எனினும், உடல் தன்னைச் சீர்செய்துகொள்ள வேண்டிய வேளையில், அதற்கு வேண்டிய பொருள் கிடைக்காமற் போகிறது.

பயறு தருவது என்ன?

சமைக்காத அரிசி 100 கிராமில் ஏறத்தாழ 8 கிராம் புரதம் உண்டு. அதே அளவு பச்சைப்பயற்றிலோ உளுந்திலோ ஏறத்தாழ 22 கிராம் உண்டு. அரிசிப் புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. பயற்றில் அது மிகுதி. பயற்றில் குறைவான மெத்தியோனின் அரிசியில் உண்டு. ஆகவே, இட்லியும் வெண்பொங்கலும் பருப்புச் சோறும் ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்பும் உணவுகள்.

60 கிலோ எடையுள்ள, நலமாக இருப்பவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 கிராம் புரதம் தேவை. அறுவைச் சிகிச்சை, எலும்பு முறிவு, காசநோய், நீண்ட காய்ச்சல் ஆகியவற்றிலிருந்து மீள்பவருக்கு இத்தேவை பெரும்பாலும் இன்னும் கூடும். கஞ்சியை மட்டும் உண்பவரால் இதில் பாதியைக்கூட எட்டுவது அரிது.

சீழ் பற்றிய அச்சம்

புண்ணில் சீழ் உண்டாவது கிருமித் தொற்றினால், பருப்பினால் அன்று. புதிய தசையும் தோலும் உருவாவதற்குப் புரதம் இன்றியமையாதது. அது குறைந்தால் புண் ஆறுவது தாமதமாகும். கிருமியை எதிர்க்கும் ஆற்றலும் தளரும். எனவே, சீழைத் தடுக்கும் எண்ணத்துடன் பருப்பை நிறுத்துவது எதிர்மாறான விளைவையே தரக்கூடும். புண்ணைச் சுற்றிச் சிவப்பு, வீக்கம், கூடும் வலி, நீர் அல்லது சீழ் கசிதல், காய்ச்சல் ஆகியவை தோன்றினால் உணவை மாற்றிப் பார்த்துக் காலம் தாழ்த்தாமல் மருத்துவமனைக்கு வந்துவிட வேண்டும்.

வாயு பற்றிய அச்சம்

இதற்கு அடிப்படை உண்டு. பயற்றிலுள்ள சிலவகைச் சர்க்கரைகளை நம் சிறுகுடல் செரிப்பதில்லை. பெருங்குடலிலுள்ள நுண்ணுயிர்கள் அவற்றை நொதிக்கச் செய்வதால் வாயு உண்டாகிறது. இது தொல்லையே தவிர, நோயன்று. இதனைக் குறைக்கும் வழிகள் எளியவை:

முழுப் பயறு, மொச்சை, தட்டைப்பயறு, கொண்டைக்கடலை ஆகியவற்றை 8 முதல் 12 மணி நேரம் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டுப் புது நீரில் வேகவைக்க வேண்டும். விரலால் நசுக்கினால் மசியும் அளவுக்கு வேக வேண்டும். விரைவில் வேகட்டும் என்று சமையல் சோடா இடலாகாது. அது உப்புச்சத்தைக் கூட்டுவதுடன், தயமின் என்னும் உயிர்ச்சத்தையும் அழிக்கும். முதல் வாரத்தில் இரண்டு மேசைக்கரண்டி போதும்; குடல் பழகப் பழக அளவைக் கூட்டலாம். இஞ்சி, பூண்டு, சீரகம், பெருங்காயம் சேர்ப்பதற்குத் தடையில்லை. ராஜ்மாவை மட்டும் ஒருபோதும் அரைவேக்காட்டில் உண்ணலாகாது; அதிலுள்ள நச்சுப்பொருள் கடும் வாந்தியை உண்டாக்கும்.

இருவருக்கான பச்சைப்பயற்றங்கஞ்சி

அரிசி நொய் 50 கிராம், பச்சைப்பயறு 50 கிராம், பூண்டு நான்கு பல், சீரகம் அரைத் தேக்கரண்டி, வெந்தயம் கால் தேக்கரண்டி. பயற்றை வாசம் வரும்வரை வெறும் சட்டியில் வறுத்துக் கழுவி, மற்றவற்றோடு குக்கரில் இட்டு, எட்டுப் பங்கு நீர் ஊற்றி, ஐந்து விசில் விட்டு இறக்கி மசிக்கவும். உப்பு அளவாக இருக்கட்டும். தொட்டுக்கொள்ள ஊறுகாய்க்கு மாறாகப் புதினா அல்லது கறிவேப்பிலைத் துவையல் வைக்கலாம். நொய் மட்டும் 100 கிராம் இட்டுக் காய்ச்சினால் ஒருவருக்கு ஏறத்தாழ 4 கிராம் புரதம் கிடைக்கும். இக்கஞ்சியில் ஏழரை கிராம் கிடைக்கும். செலவும் உழைப்பும் அதிகமில்லை.

சற்றுத் தேறியவர்க்குச் சுண்டல், பாசிப்பருப்புக் கூட்டு, தைமாதத்து மொச்சையும் பரங்கியும் சேர்ந்த குழம்பு ஆகியவை ஏற்றவை. சுண்டலில் எலுமிச்சைச் சாறு பிழிந்தால் பயற்றிலுள்ள இரும்புச்சத்து நன்கு உட்கிரகிக்கப்படும். உணவோடு தேநீரோ காப்பியோ அருந்தினால் அது தடைப்படும். ஒரு மணி நேர இடைவெளி விடுங்கள்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு

உணவுகள் இரத்தச் சர்க்கரையை எவ்வளவு விரைவில் உயர்த்துகின்றன என்பதைக் கனடாவின் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் 1981இல் அளந்து வெளியிட்டனர். மெல்ல உயர்த்தும் உணவுகளின் வரிசையில் பயறு வகைகள் இடம்பெற்றன. எனவே, சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்து, அவ்விடத்தில் ஒரு கரண்டிச் சுண்டலோ கெட்டிப் பருப்போ வைப்பது நல்லது. சோற்றைக் குறைக்காமல் பயற்றை மட்டும் கூட்டுவது பயன் தராது. குழைந்த கஞ்சியைவிட முழுதாக வெந்த பயறே இவர்களுக்கு மேல்.

இங்கு ஓர் எச்சரிக்கை. இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர் சோற்றைத் திடீரெனக் குறைத்தால் சர்க்கரை தாழக்கூடும். மருத்துவரிடம் கூறிய பின்னரே மாற்றுங்கள். வியர்வை, நடுக்கம், படபடப்பு தோன்றி, சர்க்கரை 70 மி.கி.க்குக் கீழ் இருந்தால், மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்து உடனே கொடுங்கள். 15 நிமிடங்கள் கழித்து மீண்டும் அளந்து பாருங்கள். அவ்வேளையில் மெல்லச் செரிக்கும் சுண்டல் உதவாது. நினைவு மங்கியவர் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு வாருங்கள்.

கேட்டுச் செய்ய வேண்டியவர்கள்

சிறுநீரக நோயாளிகள் தாமாக அளவை முடிவு செய்யலாகாது. டயாலிசிஸ் செய்யாதவருக்குப் புரதம் அளவோடு தேவை. டயாலிசிஸ் செய்பவருக்குக் கூடுதலாகத் தேவை. இருவருக்கும் பொட்டாசியத்தைக் கவனிக்க வேண்டும். ஊறவைத்த நீரையும் வேகவைத்த நீரையும் வடித்துவிட்டால் பொட்டாசியம் ஓரளவு குறையும். குடல் அறுவைச் சிகிச்சை முடிந்து சில வாரங்களே ஆனவர்களும், விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களும் கேட்ட பின்னரே தொடங்க வேண்டும். கவுட் என்னும் மூட்டுவலிக்கு மதுவும் புலாலும் தூண்டுகோல்களாகும் அளவுக்குப் பருப்பு ஆவதில்லை. அதனை அறவே நிறுத்த வேண்டியதில்லை.

அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது, மூன்று நாட்கள் நோயாளி உண்டவற்றை வேளைவாரியாக ஒரு தாளில் குறித்து வாருங்கள். எத்தனை கரண்டிச் சோறு, எத்தனை கரண்டிப் பயறு என்று எழுதினால் போதும். அத்தாளைப் பார்த்து, மருந்துச் சீட்டோடு உணவின் அளவையும் உங்களுடன் அமர்ந்து முடிவு செய்வோம்.