புல்லட் பெரிசா? மாருதி பெரிசா?



விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு பஸ்ஸில் போனால் நானும் என் நண்பனும் தூங்கவே மாட்டோம். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, எதிரே வரும் வண்டியின் பெயர் என்ன, எத்தனை சி.சி. என்று மாறி மாறிச் சொல்லுவோம். டி.என். 32 விழுப்புரம் வண்டி, டி.என். 16 திண்டிவனம் வண்டி. இதற்கெல்லாம் மார்க் கிடையாது, எல்லாருக்கும் தெரியும்!

போன மாதம் விக்கிரவாண்டி டோல்கேட்டில் ஒரு பழைய மாருதி 800-ம் ஒரு பழைய புல்லட் 350-ம் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. நண்பன் சொன்னான்: "டேய், மாருதி சிலிண்டரை விட புல்லட் சிலிண்டர்தான் பெரிசு."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "போடா! அது 800, இது 350. எது பெரிசுன்னு ஒண்ணாங்கிளாஸ் பையன் சொல்லுவான்!" என்றேன். எல்லார் முன்னாடியும் பந்தயம் கட்டினோம். தோற்றவன் ஒரு வாரம் போண்டா வாங்கித் தரணும்.

திண்டிவனத்தில் அவன் மாமா மெக்கானிக். அன்று அவர் ஷெட்டில் ஒரு பழைய புல்லட் எஞ்சினைப் பிரித்து வைத்திருந்தார். "வாயால பேசாதீங்க தம்பி, அளந்து பாருங்க" என்று ஸ்கேலைக் கொடுத்தார். சிலிண்டரின் உள்விட்டம் 7 செ.மீ. பிஸ்டன் மேலிருந்து கீழே போகும் தூரம் 9 செ.மீ.

சி.சி. என்றால் கன சென்டிமீட்டர். அது வண்டியின் வேகமும் இல்லை, எடையும் இல்லை. பிஸ்டன் ஏறி இறங்கும் இடத்தின் கன அளவு. நம்ம உருளைக் கணக்கேதான்!

புல்லட்: 22/7 × 3.5 × 3.5 × 9 = 346.5. ஒரே சிலிண்டர். ஆகவே சுமார் 346 சி.சி.

மாருதி 800: விட்டம் 6.85 செ.மீ., தூரம் 7.2 செ.மீ. ஒரு சிலிண்டருக்குச் சுமார் 265 சி.சி. மொத்தம் 3 சிலிண்டர். 265 × 3 = 795. புத்தகத்தில் போட்டிருப்பது 796.

அதாவது, 800 என்பது மூன்று பேர் சேர்ந்து சுமப்பது. புல்லட் ஒற்றை ஆளாகச் சுமக்கிறது. ஒற்றைக்கு ஒற்றை பார்த்தால் புல்லட்டே பெரிசு. நான் தோற்றேன்!

புல்லட் ஏன் "டப்... டப்..." என்று விட்டுவிட்டுச் சத்தம் போடுகிறது என்றும் மாமா சொன்னார். இவை எல்லாம் நான்கு வீச்சு எஞ்சின்கள். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் ஒரு சிலிண்டர் ஒரு தடவைதான் வெடிக்கும். அந்த இரண்டு சுற்றில் புல்லட்டுக்கு ஒரு வெடி, மாருதிக்கு மூன்று. 4 சிலிண்டர் உள்ள 1489 சி.சி. அம்பாசடருக்கு நான்கு. வெடிகள் நெருங்க நெருங்கச் சத்தம் ஒன்றாகிவிடும். மாருதி 800, அம்பாசடர் இரண்டின் தயாரிப்பும் 2014-இல் நின்றுவிட்டது. ஆனால் கணக்கு நிற்கவில்லை.

அரையாண்டுத் தேர்வில் உருளைக் கணக்கை "இது எதுக்கு உதவப்போகுது" என்று சாய்ஸில் விட்டவன் நான். இப்போது ஏழு நாள் போண்டாக் காசு கொடுத்து அதைப் படித்திருக்கிறேன். நண்பர்களே, பெரிய எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். அது எத்தனை பேரின் கூட்டுத்தொகை என்று முதலில் கேளுங்கள்.

உங்களுக்கு ஒரு கணக்கு: ஒரே சிலிண்டர், விட்டம் 8.4 செ.மீ., தூரம் 9 செ.மீ. எத்தனை சி.சி.?

(விடை: சுமார் 499. பழைய புல்லட் 500!)