ஒளியும் பயிரும்

கதிரவன் ஒளியே பயிர்களின் உணவுக்கு மூலமாகும். இலையிலுள்ள பச்சையம், அவ்வொளியின் ஆற்றலால் காற்றிலுள்ள கரியமில வாயுவையும் வேர் கொணரும் நீரையும் கொண்டு சர்க்கரையை ஆக்குகின்றது. ஒளிக்கு வேறொரு பணியும் உண்டு என்பதை ஒரு புகையிலைச் செடி உலகிற்கு உணர்த்தியது.

அமெரிக்க நாட்டில் ‘மேரிலாந்து மாமத்’ என்னும் புகையிலை, 10 அடி உயரம் ஓங்கி வளர்ந்தது. ஆயினும் கோடை முழுதும் அது பூக்கவில்லை. பூக்குமுன் உறைபனி வந்து அதனை மாய்த்துவிடும். பூவின்றேல் விதை ஏது? விதையின்றேல் அவ்வினம் நிலைப்பது எங்ஙனம்? குளிர்காலத்தில் கண்ணாடி வீட்டில் வளர்த்தபோதோ, அது சிறு செடியாயிருக்கையிலேயே பூத்தது.

கார்னர், அல்லார்டு என்னும் அறிஞர் இருவர் இதன் காரணத்தை ஆராய்ந்தனர். 1918ஆம் ஆண்டுக் கோடையில், சில செடிகளை நாள்தோறும் மாலை 4 மணிக்கு இருட்டறையில் வைத்து, மறுநாள் காலை 9 மணிக்கு வெளியே எடுத்தனர். அவை விரைவில் பூத்தன. வெளியிலேயே விடப்பட்டவை பூக்கவில்லை. பின்னர்க் குளிர்காலத்தில் மின்விளக்கால் பகலை நீட்டினர். செடிகள் பூவாமல் இலைகளையே ஈன்றன. அவ்விளக்கொளி உணவாக்கப் போதாத மங்கிய ஒளி. ஆயினும் பூப்பதைத் தடுக்க அதுவே போதியதாயிற்று. இம்முடிவுகள் 1920இல் வெளியாயின. செடி அளப்பது பகலையன்று, இடையறாத இரவையே என்பதைப் பிற்கால ஆராய்ச்சிகள் தெளிவாக்கின.

சாமந்தி பயிரிடுவோர் இவ்வுண்மையைப் பயன்கொள்கின்றனர். நள்ளிரவில் விளக்கேற்றிப் பூப்பதைத் தாமதப்படுத்துவர். கருந்துணியால் மூடி முன்னதாகவே பூக்கச் செய்வர். கதிரவன் ஒளி பயிரை ஊட்டி வளர்க்கின்றது. இரவின் நீளமோ அதற்குப் பருவத்தை அறிவிக்கின்றது.