பாடம் 8: அம்மம்மாவுடன் ஒரு நாள்

யாழ்ப்பாணத்திலிருந்து நிலாவின் அம்மம்மா பிராங்பேர்ட்டுக்கு வந்தார். நிலா அவரை ரோமர்பேர்க் சதுக்கத்துக்குக் கூட்டிச் சென்றாள்.

"இது கல்லுப் பதிச்ச தரை அம்மம்மா. மெதுவா நடவுங்கோ."

அங்கே மரச்சட்ட வீடுகள் வரிசையாக நின்றன.

"எவ்வளவு பழைய வீடுகள்!" என்றார் அம்மம்மா.

"இல்லை அம்மம்மா. பழைய வீடுகள் 1944இல் குண்டு விழுந்து எரிஞ்சு போச்சு. 1980களில்தான் இந்த வீடுகளை முந்தின மாதிரியே திரும்பக் கட்டினவை."

அம்மம்மா சிறிது நேரம் பேசவில்லை.

"எங்கட யாழ்ப்பாண நூலகமும் 1981இல் எரிஞ்சது, பிள்ளை. அதையும் திரும்பக் கட்டினவை. ஆனால் எரிஞ்ச ஏடுகள் திரும்பி வரேல்லை."

நிலா அம்மம்மாவின் கையைப் பிடித்தாள். இருவரும் மைன் ஆற்றின் இரும்பு நடைபாலத்துக்குப் போனார்கள்.

"இந்தப் பாலமும் போரில உடைஞ்சது அம்மம்மா. 1946இல் திரும்பக் கட்டினவை. இதில வாகனம் வராது. பயப்பிடாமல் நடக்கலாம்."

அம்மம்மா சிரித்தார். "நீ உன்ர நகரத்தைக் காட்டிப்போட்டாய். அடுத்த லீவுக்கு ஊருக்கு வா. நான் நூலகத்தைக் காட்டுறன்."

பேச்சு – எழுத்து
எங்கட – எங்களுடைய
எரிஞ்சது – எரிந்தது
வரேல்லை – வரவில்லை
காட்டுறன் – காட்டுகிறேன்

விடை எழுதுக
1. அம்மம்மா ஏன் சிறிது நேரம் பேசவில்லை?
2. உங்கள் நகரத்தில் அம்மம்மாவுக்கு எந்த இடத்தைக் காட்டுவீர்கள்? ஏன்?