பாடம் 7: கிளினிக் கொப்பியை யாருக்குக் காட்டுவது?

தோட்டத்துக்குத் திரும்பிய முதல் கிழமையிலேயே உங்கள் வாசலுக்குப் பலர் வருவார்கள். கிராம உத்தியோகத்தர் வருவார், குடும்பநல உத்தியோகத்தர் வருவார், தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தர் வருவார், எங்களைப் போன்ற நிறுவனத்தாரும் வருவோம். ஒவ்வொருவர் கையிலும் ஒரு படிவம் இருக்கும். வீட்டில் யாருக்கு என்ன வருத்தம், யார் கர்ப்பிணி, யார் என்ன மருந்து குடிக்கிறார் என்று கேட்போம். சொல்லாவிட்டால் உதவி கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயத்தில் பலர் எல்லாவற்றையும் எல்லோரிடமும் சொல்லிவிடுகிறார்கள். யாரிடம் எவ்வளவு சொன்னால் போதும் என்பதுதான் இந்தப் பாடம்.

முதலில் எங்கள் பிழையைச் சொல்லிவிடுகிறேன். 2017 மே மாத வெள்ளத்தின்போது இரத்தினபுரி மாவட்டத்தில் ஒரு பாடசாலையில் தங்கியிருந்த குடும்பங்களின் பட்டியலை நான் தயாரித்தேன். பெயர், வயது, அங்கத்தவர் தொகை, கடைசியில் 'நோய்' என்று ஒரு நிரல். யாருக்கு என்ன பொதி என்பது எல்லோருக்கும் தெரியட்டும் என்று அதை வகுப்பறைக் கதவில் ஒட்டினேன். அதில் ஒருவரின் பெயருக்கு நேரே 'காசநோய்' என்று இருந்தது. பின்னேரமே அவருடைய குடும்பத்தின் தண்ணீர் வாளி தனியாக வைக்கப்பட்டது. பிள்ளைகளை யாரும் விளையாடச் சேர்க்கவில்லை. அவர் பல மாதங்களாக ஒழுங்காக மருந்து குடித்து வந்தவர். சரியான மருந்து தொடங்கி இரண்டு மூன்று கிழமைகள் போனால் பெரும்பாலானோரிடமிருந்து இந்த நோய் மற்றவருக்குப் பரவாது. அது கதவில் எழுதியிருக்கவில்லை. வெட்கத்தில் அவர் மருந்து எடுக்கப் போவதையே நிறுத்திவிட்டார். காசநோய்க்கு ஆறு மாதமாவது விடாமல் மருந்து குடிக்க வேண்டும். இடையில் நிறுத்தினால் மருந்துக்குக் கட்டுப்படாத நோயாக அது மாறலாம். அவரைத் திரும்பவும் கிளினிக்குக்குப் போகவைக்க எனக்குப் பல நாள் எடுத்தது.

அந்தப் பட்டியலுக்கு நோயின் பெயரே தேவைப்படவில்லை. 'இந்த வீட்டில் ஒருவர் மாதம் ஒரு முறை மருந்து எடுக்கப் போக வேண்டும், பஸ் காசு தேவை' என்று இருந்தால் போதும். நீங்களும் அப்படியே சொல்லிப் பழகுங்கள். நிவாரணம் தருகிறவரிடம் தேவையைச் சொல்லுங்கள். நோயை வைத்தியரிடமும் தாதியிடமும் சொல்லுங்கள். 'அம்மாவால் மேட்டில் ஏற முடியாது', 'ஊசி மருந்தைக் குளிரில் வைக்க இடம் வேண்டும்', 'மனைவிக்கு அடுத்த மாதம் பிரசவம்'. பொதி கொடுக்க இவ்வளவும் போதும். அதற்கு மேல் கேட்டால், 'இது எதற்கு? யார் பார்ப்பார்கள்? எங்கே வைப்பீர்கள்?' என்று திருப்பிக் கேளுங்கள். எங்களிடமும் கேளுங்கள், நாங்கள் கோபிக்க மாட்டோம். பெரிய நிறுவனங்களின் தகவலும் களவு போகிறது. 2022 ஜனவரியில் சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் கணினித் தரவுகளுக்குள் அத்துமீறி நுழைந்தவர்களால் 515,000க்கும் மேற்பட்டோரின் விபரங்கள் அம்பலமாகின. அவர்களில் பலர் போரிலும் அனர்த்தத்திலும் குடும்பத்தைப் பிரிந்தவர்கள்.

'லயத்தில் என்ன இரகசியம்? ஒரு காம்பராவில் இருமினால் நாலாம் காம்பராவுக்குக் கேட்கிறது' என்று ஒரு பெரியம்மா என்னிடம் சொன்னார். உண்மைதான். ஆனால் இருமல் கேட்பது வேறு, நோயின் பெயர் பிரட்டுக்களத்துக்குப் போவது வேறு. நமக்குப் பக்கத்து மாவட்டமான குருநாகலில், குளியாப்பிட்டியில் 2016ஆம் ஆண்டு நடந்ததை நினைத்துப் பாருங்கள். தகப்பன் எயிட்ஸ் நோயால் இறந்தார் என்று ஊரில் கதை பரவியதால் ஆறு வயதுச் சிறுவன் ஒருவனைப் பாடசாலையில் படிக்க விடவில்லை. அவனுக்கு அந்தத் தொற்று இல்லை என்று தெரிந்த பிறகும் மற்றப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளை வகுப்புக்கு அனுப்ப மறுத்தார்கள். கடைசியில் கண்டி திரித்துவக் கல்லூரி அவனைச் சேர்த்துக்கொண்டது. தொற்று இருந்திருந்தாலும் அவனுக்குப் படிக்கும் உரிமை இருந்திருக்கும் என்பதை அன்று எத்தனை பேர் யோசித்தார்களோ தெரியாது.

சட்டமும் இதைச் சாதாரண விடயமாக எடுக்கவில்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலை விசேட வகைத் தரவாகக் கணிக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி, உங்கள் மருத்துவப் பதிவை இன்னொருவர் கேட்டு விண்ணப்பித்தால், நீங்கள் எழுத்தில் சம்மதித்திருந்தாலொழிய அதைக் கொடுக்க மறுக்கலாம்.

ஆனால் நம் தோட்டங்களில் தகவல் வெளியே போவது பெரும்பாலும் கந்தோர் வழியாக அல்ல, நம் கையாலேயே. சப்ரகமுவவில் நம்மில் பலர் சிங்களம் நன்றாகப் பேசுவோம். வைத்தியசாலையில் தரும் டயக்னோசிஸ் கார்ட்டோ ஆங்கிலத்தில் இருக்கும். வீட்டுக்கு வந்ததும் அதை யாரிடமாவது வாசிக்கக் கொடுக்கிறோம்: டியூஷன் மாஸ்டரிடம், கந்தோர் கிளார்க்கிடம், பாமசிப் பையனிடம். இல்லாவிட்டால் படம் எடுத்து, 'இதில் என்ன எழுதியிருக்கிறது?' என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிறோம். கொழும்பில் வேலை செய்யும் மருமகனுக்கு அனுப்பியது இரவுக்குள் மூன்று தோட்டத்தைச் சுற்றிவரும். துண்டு வெட்டும்போதே வார்ட்டில், 'எனக்கு என்ன வருத்தம், எந்த மருந்து, எத்தனை நாள்?' என்று கேட்டு விளங்கிக்கொண்டு வெளியே வாருங்கள். பிறகு சந்தேகம் வந்தால் தோட்ட வைத்திய உதவியாளரிடம் தனியாகக் காட்டுங்கள்.

சிங்களம் தெரியாத பெரியவர்களுடன் துணைக்குப் போகிறவர் யார் என்பதும் முக்கியம். பள்ளிக்கூடப் பிள்ளையைக் கூட்டிப்போய், தாயின் கர்ப்பப்பை வருத்தத்தை மகனையே வைத்தியருக்குச் சொல்ல வைக்கிறார்கள். தாய் பாதியை மறைக்கிறாள், வைத்தியர் பாதிக்கு மருந்து எழுதுகிறார். வயது வந்த, வாய் காக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போங்கள். அல்லது தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் இருக்கிறாரா என்று கேளுங்கள். அரச வைத்தியசாலையில் தமிழில் சேவை கேட்பது உங்கள் உரிமை.

சிலவற்றை மறைக்கக்கூடாது. டெங்கு, எலிக்காய்ச்சல் போன்றவை வந்தால் வைத்தியசாலை சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அறிவிக்க வேண்டும். அதன் பிறகு பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்கு வருவார். வெள்ளம் வடிந்த சேற்றில் எலிக்காய்ச்சல் ஆளைக் கொல்லும் என்பதால் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். ஆனால் வாசலில் நின்று அடுத்த வீட்டுக்கும் கேட்கிற மாதிரிப் பேச வேண்டியதில்லை. உள்ளே கூப்பிடுங்கள்.

கொப்பிகள் மண்ணுக்குள் போனவர்கள் பயப்பட வேண்டாம். பிள்ளையின் தடுப்பூசி விபரம் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரின் பதிவேட்டில் இருக்கும். வார்ட்டில் தங்கிச் சிகிச்சை பெற்றிருந்தால் வைத்தியசாலைப் பதிவறையில் கேட்கலாம். அடையாள அட்டையைக் கொண்டுபோங்கள். புதிய கொப்பியைப் பொலித்தீன் உறையில் போட்டு, பெயர் தெரியாமல் உள்பக்கமாகத் திருப்பி வையுங்கள். துணைக்கு வந்தவரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.

படம் எடுக்க வருகிறவர் பெரும்பாலும் நானாகத்தான் இருப்பேன். நோயாளியின் முகமும் நோயும் ஒரே படத்தில் வரப்போகிறதென்றால், வேண்டாம் என்று சொல்லுங்கள். முதலில் சரி என்று சொல்லிவிட்டு, அடுத்த நாள் மனம் மாறினாலும் சொல்லலாம். நாங்கள் அழித்துவிடுவோம், உங்கள் பொதி குறையாது. உங்கள் தகவலை எங்கள் ஆட்களில் ஒருவர் வெளியே விட்டிருந்தால் முகாமில் தந்த முறைப்பாட்டுப் பெட்டியில் எழுதிப் போடுங்கள், பெயர் எழுத வேண்டியதில்லை. அரச நிறுவனம் ஒன்றில் நடந்திருந்தால் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம்.