பழைய ஆம்ப்ளிஃபையர் ரிப்பேர்: ஸ்க்ரூ கழட்டுறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு

வழக்கமா எஸ்ஐபி, டேக்ஸ்னு பேசுற இடத்துல இன்னைக்கு ஒரு பழைய ஆம்ப்ளிஃபையர். நிறைய வீட்டுப் பரண்ல அப்பாவோ மாமாவோ வளைகுடாவுல இருந்து, சிங்கப்பூர்ல இருந்து கொண்டு வந்த சான்சுயி, பயனியர், அகாய் செட் ஒண்ணு கிடக்கும். இல்லன்னா எல்பி ரெக்கார்டு ஆசை வந்து நீங்களே செகண்ட் ஹேண்ட்ல ஒண்ணு வாங்கியிருப்பீங்க. ஸ்விட்ச் போட்டா ஒரு பக்கம்தான் சத்தம் வருது, இல்ல விடாம உறுமுது, இல்ல உயிரே இல்ல. வீட்லயே சரி பண்ணலாமா? பல கேஸ்ல பண்ணலாம். ஆனா கணக்கு தெரிஞ்சவங்களே இதுல பணத்தை விடுற ஒரு இடம் இருக்கு. அதை முதல்ல பார்த்துடுவோம்.

எவ்வளவு வரைக்கும் செலவு பண்ணலாம்?

இதே வேலையைச் செய்யுற வேற ஆம்ப்ளிஃபையர் வாங்க எவ்வளவு ஆகும்னு பாருங்க. அதுல இருந்து, உங்க செட்டைப் பழுதோட அப்படியே வித்தா கிடைக்கிற பணத்தைக் கழிங்க. மீதிதான் உங்க மேல் வரம்பு. உதாரணத்துக்கு, மாத்து செட் 14,000 ரூபாய், உங்க செட்டை 3,000-க்கு எடுத்துக்க ஆள் இருக்குன்னா, வரம்பு 11,000. அந்த 3,000-ஐ நிறைய பேர் மறந்துடுவாங்க. பரண்ல கிடக்குறதால அது இலவசம் ஆயிடாது.

1984-ல அப்பா எவ்வளவு குடுத்து வாங்கினார்ங்கிறது இந்தக் கணக்குல வராது. ஆனா அது அப்பாவோட செட்டுங்கிறது வரலாம். கம்பெனிக் கணக்குலயே இதுக்கு இடம் இருக்கு. ஒரு சொத்தோட மதிப்பு குறைஞ்சிருக்கான்னு சோதிக்கும்போது, வித்தா கிடைக்கிறது, வச்சுப் பயன்படுத்தினா கிடைக்கிறது, இந்த ரெண்டுல எது அதிகமோ அதைத்தான் எடுப்போம். அந்த செட்ல பாட்டு கேக்குறது உங்களுக்கு இன்னொரு 4,000 பெறும்னா, வரம்பை 15,000 ஆக்கிக்கோங்க. யாரும் கேள்வி கேட்க முடியாது. ஆனா அந்த நம்பரை மூடியைத் திறக்கிறதுக்கு முன்னாடியே ஒரு பேப்பர்ல எழுதிடணும். திறந்த பிறகு எழுதினா அது ஆசை எழுதுற நம்பர்.

"என் சம்பளத்தை மணிக்குப் பிரிச்சுப் பார்த்தா, நானே ரிப்பேர் பண்றது நஷ்டம்"னு ஒரு வாதம் வரும். ஞாயித்துக்கிழமை மத்தியானத்தை நீங்க யாருக்கும் விக்கிறது இல்லையே! இந்த வேலை பிடிக்கும்னா நேரத்துக்கு ரூபாய் போடாதீங்க. பிடிக்காதுன்னா மெக்கானிக்கிட்ட குடுத்துடுங்க.

சங்க் காஸ்ட் தெரிஞ்சவங்க மாட்டுற இடம்

போன பணத்தைப் பார்க்காதே, இனி ஆகப்போறதை மட்டும் பார். சரியான விதிதான். அதை வச்சு 11,000 வரம்புல ஒரு ரிப்பேர் ஓட்டிப் பார்ப்போம். அவுட்புட் ட்ரான்ஸிஸ்டர் மாத்துறீங்க, 3,000. போட்ட நிமிஷமே எரியுது. ட்ரைவர் போர்டு சரி பண்ண 4,000 ஆகுமாம். போனது போச்சு, 4,000 வரம்புக்குக் கீழதானே, பண்ணு. அது முடிஞ்சதும் ட்ரான்ஸ்ஃபார்மர் சூடாகி வாடை வருது, காயில் திரும்பச் சுத்த 5,000. அதுவும் 11,000-க்குக் கீழதான், பண்ணு. ஒவ்வொரு தடவையும் விதிப்படிதான் முடிவு எடுத்தீங்க. மொத்தம் 12,000.

ஒவ்வொரு தடவையும் "இதோட முடிஞ்சிடும்"னு நம்பினது எங்க இருந்து வந்தது? எது பழுதுன்னு தெரியாமலே பார்ட்ஸ் வாங்கினதுல இருந்து. அதனால வரம்பு மொத்தச் செலவுக்குத்தான், ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியா கிடையாது. எஸ்டிமேட் ரெண்டு தடவை தாண்டிப் போச்சுன்னா மூணாவது எஸ்டிமேட்டை நம்பாதீங்க. முக்கியமா, பார்ட்ஸுக்கு முன்னாடி தகவலை வாங்குங்க. தகவல்ல பாதி காசே இல்லாம கிடைக்கும்.

மூடியைத் திறக்காமலே

முதல்ல பின்பக்கம் என்ன வோல்ட்னு எழுதியிருக்குன்னு படிங்க. ஜப்பான் உள்நாட்டு விற்பனைக்குச் செஞ்ச செட் 100 வோல்ட். அதை நம்ம 230-ல நேரா சொருகினா அன்னைக்கே கதை முடிஞ்சிடும்.

டேப் மானிட்டர் பட்டன் அமுங்கியிருக்கான்னு பாருங்க. அமுங்கியிருந்தா டெக் இல்லாத செட்ல சத்தமே வராது. இதுக்காக மெக்கானிக் கடை வரைக்கும் போன செட்டுங்க உண்டு. சில மாடல்ல பின்னாடி ப்ரீ அவுட், மெயின் இன் ஓட்டைகளைச் சேர்க்கிற சின்ன உலோகக் கம்பி இருக்கும். 1978-ல வந்த, சேனலுக்கு 20 வாட் மட்டும் போட்டிருந்தாலும் பெரிய பேர் வாங்கின என்.ஏ.டி 3020-ல அப்படித்தான். அது தொலைஞ்சிருந்தாலோ கறுத்திருந்தாலோ ஆம்ப்ளிஃபையர் ஊமை.

ஒரு பக்கம்தான் வருதுன்னா ஸ்பீக்கர் வயரை இடம் வலமா மாத்துங்க. அதே ஸ்பீக்கர்ல சத்தம் இல்லன்னா பழுது ஸ்பீக்கர்ல. சத்தமில்லாத பக்கம் மாறிடுச்சுன்னா பழுது ஆம்ப்ளிஃபையர்லயோ அதுக்கு முன்னாடி இருக்கிற வயர்லயோ. உறுமல்னா வால்யூமைக் குறைச்சுப் பாருங்க. குறைஞ்சா கேபிள், டர்ன்டேபிள் எர்த் வயர் பக்கம் தேடுங்க. வால்யூம் பூஜ்யத்துலயும் அதே உறுமல்னா பவர் சப்ளை கெப்பாசிட்டர் மேல சந்தேகம். வால்யூம் திருகும்போது கரகரன்னா ஒரு கான்டாக்ட் க்ளீனர் ஸ்ப்ரே போதும். குமிழுக்கு உள்ள அடிச்சு இருபது, முப்பது தடவை திருகணும். துரு எடுக்கிற சாதா ஸ்ப்ரே வேண்டாம்.

திறக்கும்போது

ஸ்விட்சை ஆஃப் பண்ணா போதாது, ப்ளக்கைப் பிடுங்குங்க. ஆஃப் பண்ணினாலும் பவர் ஸ்விட்ச் வரைக்கும் 230 வோல்ட் இருக்கும். ப்ளக்கைப் பிடுங்கின பிறகும் பெரிய கெப்பாசிட்டர்ல சார்ஜ் நிக்கும். ஸ்க்ரூ டிரைவரால ஷார்ட் பண்ணாதீங்க. 1,000 ஓம், 5 வாட் ரெசிஸ்டரை இன்சுலேஷன் உள்ள க்ளிப்ல மாட்டி ரெண்டு முனையிலும் கொஞ்ச நேரம் வச்சு, மீட்டர்ல பூஜ்யம் காட்டுதான்னு பாருங்க. வீட்ல ஆர்சிசிபி வேலை செய்யுதான்னு முன்னாடியே டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பார்த்துக்கோங்க. வீட்ல யாராவது கூட இருக்கும்போது மட்டும் இந்த வேலை. வால்வ் செட்டுன்னா மூடியைத் தொடவே வேண்டாம். உள்ள 300, 400 வோல்ட் டிசி இருக்கும். அது பழகினவங்க வேலை.

ஃப்யூஸ் போயிருந்தா அதே ஆம்பியர்ல புதுசு போடலாம், ஒரே ஒரு தடவை. அதுவும் போச்சுன்னா மூணாவது போடாதீங்க. தடியான கம்பி சுத்துறது, பெரிய ஃப்யூஸ் போடுறது எல்லாம் ஒரு கிரெடிட் கார்டு பில்லை இன்னொரு கார்டுல கட்டுற மாதிரி. ஓடும், வேற இடத்துல எரியும்.

அந்த முதல் தடவையையே சீரிஸ் லேம்ப் வழியா போட்டா நல்லது. 60 வாட் குண்டு பல்ப், எல்இடி இல்ல, இழை உள்ள பழைய பல்ப். கரண்ட் அது வழியா ஆம்ப்ளிஃபையருக்குப் போகணும். எலக்ட்ரீஷியன்கிட்ட சொன்னா ஒரு போர்டுல மாட்டிக் குடுப்பார். பல்ப் பளிச்சுன்னு எரிஞ்சு உடனே மங்கினா நல்ல செய்தி, கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகியிருக்கு. முழு வெளிச்சத்துல நின்னா உள்ள ஷார்ட் இருக்கு. இந்தப் போர்டு இருந்திருந்தா, மேல சொன்ன உதாரணத்துல அந்த 3,000 ரூபாய் ட்ரான்ஸிஸ்டர் எரிஞ்சே இருக்காது.

அடுத்த தகவல் மல்டிமீட்டர்ல இருந்து. சீரிஸ் லேம்ப் சோதனை தாண்டினதும், ஸ்பீக்கரைக் கழட்டிட்டு, ஸ்பீக்கர் முனைகள்ல டிசி வோல்டேஜ் பாருங்க. 50 மில்லிவோல்ட்டுக்குள்ளன்னா நிம்மதி. வோல்ட் கணக்குல காட்டினா அந்த சேனல்ல பழுது இருக்கு. அப்போ ஸ்பீக்கரை மாட்டினா அதோட காயிலும் எரியும், 5,000 ரூபாய் பிரச்சனை 15,000 ஆகும். ஆன் பண்ணி சில செகண்ட்ல 'டிக்'னு ரிலே சத்தம் வர வேண்டிய செட்ல அது வரலன்னாலும் பெரும்பாலும் இதே சந்தேகம்தான். ரிலேவைப் பைபாஸ் பண்ணாதீங்க.

இப்போதான் பார்ட்ஸ். கெப்பாசிட்டர்ல மைக்ரோஃபாரட் அதே அளவு, வோல்ட் அதே அல்லது அதிகம், 105 டிகிரி வகை. ப்ளஸ் மைனஸ் மாறினா வெடிக்கும். பழசைக் கழட்டுறதுக்கு முன்னாடி ஃபோன்ல படம் எடுத்துடுங்க. 2என்3055 மாதிரி பிரபலமான ட்ரான்ஸிஸ்டர்ல போலி ரொம்ப அதிகம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கினாலும் ஆன்லைன்ல வாங்கினாலும் "எல்லாம் ஒண்ணுதான் சார்"னு சொல்றவர்கிட்ட வாங்காதீங்க. பில் குடுக்கிற கடையா பாருங்க. 80-கள் செட்டுங்கள்ல வர்ற எஸ்டிகே ஐசி போயிருந்தா நான் அங்கேயே நிறுத்திடுவேன். பல நம்பர்கள் இப்போ தயாரிப்புலயே இல்ல, அதே நம்பர் அச்சடிச்ச போலிதான் கிடைக்கும்.

மல்டிமீட்டர், சால்டரிங் அயர்ன் விலையை இந்த ரிப்பேர் செலவுல சேர்க்கலாமா? அடுத்த மூணு வருஷத்துல இன்னொரு தடவை எடுப்பீங்கன்னா அது சொத்து, கொஞ்சம் மட்டும் இதுல எழுதுங்க. எடுக்க மாட்டீங்கன்னா முழுசா இதுலதான். நேர்மையா பதில் சொல்லுங்க, இல்லன்னா யார்கிட்டயாவது கடன் வாங்குங்க.

சரி பண்ணின செட்டை 18,000-க்கு யாராவது கேட்டா? சொந்த உபயோகத்துக்கு வச்சிருக்கிற அசையும் பொருள் வருமான வரியில மூலதனச் சொத்தா வராது. நகை, ஓவியம், சிற்பம் மாதிரி சிலதுக்கு மட்டும் விதிவிலக்கு. அதனால இதுல கேப்பிடல் கெயின்ஸ் இல்ல. நஷ்டத்துக்கு வித்தாலும் அதைக் கழிச்சுக்க முடியாது. ஆனா கைப்பழக்கம் வந்து, பழுது செட்டா வாங்கி, சரி பண்ணி, வித்து, மாசம் ஒண்ணுன்னு ஓட ஆரம்பிச்சா அது வியாபார வருமானம். சம்பளக்காரங்க வழக்கமா போடுற ஐடிஆர்-1 அப்போ செல்லாது. ஐடிஆர்-3, இல்லன்னா உத்தேச வருமான முறையில ஐடிஆர்-4. பார்ட்ஸ் பில்லை எடுத்து வைங்க. வேற தொழில் பண்ணக் கூடாதுன்னு உங்க ஆஃபர் லெட்டர்ல வரி ஏதாவது இருக்கான்னும் அதுக்கு முன்னாடி படிச்சுப் பார்த்துடுங்க.