முதல் வடநாட்டு யாத்திரைக்கு ஊர் தேர்வது எப்படி?

முக்கூடலிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள தாமிரபரணிக் கரை ஊர்களிலிருந்தும் முதன்முறையாக வடநாடு காணப் புறப்படுகிறவர்கள், டில்லி, ஆக்ரா, மதுரா, ஹரித்துவாரம், காசி, கயை என்று பத்து நாளுக்குள் பத்து ஊர்களை அடுக்கிக்கொண்டு கிளம்புவதும், திரும்பி வந்தபின் ரயில் ஜன்னலையும் விடுதி அறையையும் தவிர வேறொன்றும் நெஞ்சில் தங்கவில்லையே என்று வருந்துவதும் வெகுகாலமாக நடந்துவருகின்றன. வடக்கு தெற்காக 3,214 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் தேசத்தை ஒரே பிரயாணத்தில் பார்த்துவிட எவராலும் ஆகாது. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும் நம் சிறிய நதியையே முழுதும் நடந்து கண்டவர்கள் நம்மில் எத்தனை பேர்? ஆகவே முதல் யாத்திரைக்கு ஒரு நதி, அந்நதிக்கரையில் ஓர் ஊர் என்று வரையறுத்துக்கொள்வதே உசிதம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

முதலில் செய்யவேண்டியது, உடன் வருகிறவர்களின் தேக சக்தியை அறிவது. வீட்டுப் பெரியவர்களை ஒருநாள் ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி முதலிய நவதிருப்பதிகளுக்கு அழைத்துச் சென்று வாருங்கள். ஒன்பது கோயில்களில் எத்தனையாவது கோயிலில் பாட்டி தூணோரம் உட்கார்ந்துவிடுகிறாள் என்பதைக் கவனித்தால், வடநாட்டில் ஒரு நாளைக்கு எத்தனை இடம் என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

அடுத்தது, ஊரைத் தேர்வது. நம் பக்கத்தாருக்கு நான் தயங்காமல் சொல்வது காசி. புண்ணிய க்ஷேத்திரம் என்பது ஒருபுறமிருக்க, நம்மவர்கள் முன்பே சென்று வாழ்ந்து வேரூன்றிய ஊர் அது என்பதே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபர சுவாமிகள் பதினேழாம் நூற்றாண்டில் அங்கே மடம் நிறுவினார். கேதார கட்டத்தருகே குமாரசுவாமி மடம் இன்றும் இருக்கிறது. எட்டயபுரத்துச் சுப்பிரமணிய பாரதி, திருநெல்வேலியில் படித்த பிறகு, 1898ஆம் ஆண்டில் காசிக்குச் சென்று அனுமன் கட்டத்தில் அத்தை வீட்டில் தங்கிப் பயின்றார். இவ்விரு படித்துறைகளும் சிறு நடையில் எட்டும் தூரத்தில் இருப்பதால், அப்பகுதியிலேயே அறை தேடிக்கொண்டால், மொழி தெரியாத பயம் பாதி குறையும். தமிழ் காதில் விழும். தங்குமிடத்துக்கு நாட்டுக்கோட்டை நகரச் சத்திரத்தாரையும் முன்கூட்டியே விசாரிக்கலாம்.

காலத்தைத் தேர்வதில் அலட்சியம் கூடாது. வைகாசி, ஆனியில் வெயில் 40 பாகைக்கு மேல் ஏறும். ஆவணியில் கங்கை பெருகிப் படித்துறைகளை மூழ்கடிக்கும். மார்கழி, தையில் மூடுபனியால் ரயில்கள் மணிக்கணக்காகத் தாமதமாகும். ஏற்றவை ஐப்பசி, கார்த்திகையும் மாசி, பங்குனியுமே. பிசான நெல் அறுவடை முடிந்து கையில் பணமும் மனத்தில் அவகாசமும் இருக்கும் பங்குனி மாதமே விவசாயக் குடும்பங்களுக்கு மிகப் பொருத்தமானது. பீடி சுற்றிப் பிழைக்கும் குடும்பத்தாரோ, சுற்றாத நாளுக்குக் கூலியில்லையாதலால், அந்த இழப்பையும் டிக்கெட் செலவோடு சேர்த்தே கணக்கிட வேண்டும்.

பிறகு ரயில். கன்னியாகுமரியிலிருந்து பனாரஸ் செல்லும் காசி தமிழ்ச் சங்கமம் எக்ஸ்பிரஸ் 2023 டிசம்பரிலிருந்து வாரம் ஒருமுறை திருநெல்வேலி வழியாக ஓடுகிறது. பிரயாணம் ஏறத்தாழ இரண்டு நாள். அதிலேயே திரும்புவதானால் அங்கே ஒரு வாரத்துக்குச் சற்று அதிகமாகத் தங்க நேரும். ஆகப் பன்னிரண்டு நாள் வேண்டும். முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கும் என்பதால், தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு அன்று காலையிலேயே கீழ்ப்படுக்கைகளைப் பதிவு செய்துவிடுங்கள். மத்தியப் பிரதேசத்தை வண்டி கடக்கும்போது ஜன்னலோரம் இருங்கள். முக்கூடல் பெண்களின் விரல்களுக்குப் பழகிய பீடி இலையின் தாயகம் அப்பகுதிக் காடுகளே.

சென்று சேர்ந்தபின் முதல் நான்கு நாட்களைக் காசியை விட்டு நகராமல் கழியுங்கள். விடியலில் அசி கட்டத்திலிருந்து படகேறிக் கரை நெடுகிலும் உள்ள படித்துறைகளைப் பாருங்கள். விசுவநாதர் தரிசனத்தைக் கூட்டம் குறைந்த வேளையில் வைத்துக்கொள்ளுங்கள். மாலைகளில் ஒன்றும் செய்யாமல் படியில் உட்காருங்கள். சாரநாத் பத்துக் கிலோமீட்டர்தான். ஆட்டோவில் அரைநாளில் போய் வரலாம். பிரயாகைக்கு ஏறக்குறைய 120 கிலோமீட்டர். ஓரிரவு அங்கே தங்குவது நலம். சீவலப்பேரியில் நதிகள் கூடுவதைக் கண்டு வளர்ந்தவர்களுக்கு, கலங்கிய கங்கையும் பசுமை தோய்ந்த யமுனையும் நிறம் மாறாமல் சற்றுத் தூரம் அருகருகே ஓடும் காட்சியைக் காண ஒரு பகல் போதாது.

கயையா, அயோத்தியா என்ற கேள்வியை மாத்திரம் ஊரிலிருந்தே தீர்மானிக்க வேண்டாம். பித்ரு காரியம் உள்ளவர்களுக்குக் கயை. மற்றவர்கள் ஆறாம் நாள் காலையில் பெரியவர்களின் கால்கள் எப்படியிருக்கின்றன என்று கேட்டு முடிவு செய்யலாம், முடியாதென்றால் இரண்டையும் விட்டுவிட்டுக் கேதார கட்டத்திலேயே இருந்துவிடலாம்.