கொழுந்துக்குப் போகும் முன் போனில் செய்ய வேண்டியவை

‘போனை வாங்கி வைத்துவிட்டுப் பிள்ளைகளை வெளியே விளையாட விடுங்கள்’ என்று கோடைதோறும் சொல்லப்படும் யோசனை நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் செல்லாது. 2024 ஜனவரியில் பந்தலூர் அருகே 3 வயதுக் குழந்தையைச் சிறுத்தை கொன்றது. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் பட்டப்பகலில் காட்டெருமை வாசலுக்கே வந்து நிற்கும். கோடை மழைக்குக் கொழுந்து ஏறுவதால் பள்ளி மூடியிருக்கும் ஏப்ரல், மே மாதங்களில்தான் வேலையும் கூடுகிறது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் ஏற்படுத்தச் சொன்ன குழந்தைக் காப்பகம் 6 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டுமே. அதைத் தாண்டிய பிள்ளைகள் லைன் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு போனோடு இருக்கிறார்கள். ‘பக்கத்தில் உட்கார்ந்து கவனியுங்கள்’ என்ற அடுத்த யோசனையும் பெரியவர்கள் வேலைக்குப் போய்விடுவதால் அடிபட்டுப் போகிறது. ஆள் இல்லாத நேரத்துக்கான காவலைப் போனுக்குள்ளேயே வைத்தாக வேண்டும், அதுவும் முந்தின இரவே.

வீட்டில் பழைய போன் இருந்தால் அதையே கொடுங்கள். சிம்மைக் கழற்றுங்கள், ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள், பிள்ளை பெயரில் கூகுள் கணக்கு தொடங்குங்கள். பலர் சறுக்குவது பிறந்த தேதி கேட்கும் இடத்தில். உண்மையான வயதைப் போட்டால் ஏதேதோ அனுமதி கேட்கிறது என்று 2000 என்றோ 1995 என்றோ தட்டிவிடுகிறார்கள். அந்த நொடியிலிருந்து 9 வயதுப் பிள்ளை கூகுளுக்குப் பெரிய ஆள். பெரியவர்களுக்கான விளம்பரமும் வீடியோவும் வரும், புது ஆப் இறக்க உங்களிடம் ஒப்புதல் கேட்காது. தொல்லையாகத் தெரியும் அந்த அனுமதிதான் பாதுகாப்பே. சரியான தேதி கொடுத்து ஃபேமிலி லிங்க்கில் சேர்த்தால், நேர வரம்பையும் ஆப்களையும் உங்கள் போனிலிருந்தே கட்டுப்படுத்தலாம். யூடியூப் கிட்ஸில் நீங்கள் தேர்ந்தெடுத்த சேனல்கள் மட்டும் தெரியும்படி வைக்கவும் வழி உண்டு.

வீட்டுக்கு ஒரே போன் என்றால்தான் சிக்கல் பெரிது, ஏனென்றால் அதே போனில் உங்கள் பணமும் இருக்கிறது. யுபிஐ ரகசிய எண் பிள்ளைக்குத் தெரியாது என்று நிம்மதியாக இருக்காதீர்கள். யுபிஐ லைட்டில் போட்டு வைத்த பணம் ரகசிய எண் இல்லாமலே போகும். அதில் இருப்பதைக் கணக்குக்கு மாற்றிவிட்டு அதை மூடுங்கள். பிளே ஸ்டோரில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடவுச்சொல் கேட்கும்படி வையுங்கள். அடுத்து, செட்டிங்ஸில் ஆப் பின்னிங் என்ற வசதியைத் தேடுங்கள். ஒரு செயலியைத் திரையில் நிறுத்தி, மற்றவற்றுக்குப் போகாமல் தடுப்பது அது. இதை இயக்குகிறவர்கள் அதற்குக் கீழேயே உள்ள ‘விடுவிக்கும்போது பின் கேட்கவும்’ என்பதை விட்டுவிடுகிறார்கள். அது இல்லையென்றால் பிள்ளை எளிதாக வெளியே வந்துவிடும். அந்தப் பின் எண்ணும் பிள்ளைக்குத் தெரியாத புது எண்ணாக இருக்கட்டும். பிறந்த வருடம் வேண்டவே வேண்டாம், வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த எண் அது.

‘என்னைவிட என் பையனுக்குத்தான் போன் தெரியும், எந்தப் பூட்டையும் திறந்துவிடுவான்’ என்பார்கள். திறக்கலாம். ஆனால் தேடிப் போய் மாட்டுவதைவிட, தானாக ஓடும் அடுத்த வீடியோவிலும் விளையாட்டில் வந்து பேசும் முகம் தெரியாத ஆளிடமும் மாட்டுவதே எளிது. அந்த வழிகளை அடைக்கப் பெரிய பூட்டு தேவையில்லை. இன்டர்நெட்டே இல்லாத போன் இன்னும் நல்லது. படம், பாட்டு, கதையெல்லாம் மாலையிலேயே இறக்கி வைத்துவிட்டு, பகலில் டேட்டாவை அணைத்துக் கொடுங்கள். மூடுபனியில் சிக்னல் விட்டுவிட்டு வரும் மலையில் பிள்ளைக்கும் இதுவே சௌகரியம். சிறு பிள்ளைகளுக்கு டேட்டாவே கூடாது என்பது என் கட்சி.

போன் இல்லாத நேரத்துக்குத் தாயமும் கேரமும் போதும், காதுக்கு உதகை வானொலி இருக்கிறது. உதகையின் மே மாத மலர்க் கண்காட்சி சில நாள் கூத்து, அதை நம்பி விடுமுறையை ஓட்ட முடியாது. லைனில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பாட்டி யாராவது இருந்தால், மதியம் ஒரு முறை எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் யாராவது படம் கேட்டாலோ மிரட்டினாலோ பிள்ளை உங்களிடம் சொல்ல வேண்டும். சொன்னால் போன் போய்விடும் என்ற பயம்தான் வாயை அடைக்கிறது, ஆகவே ‘சொன்னால் போனைப் பிடுங்க மாட்டேன்’ என்று முன்கூட்டியே வாக்குக் கொடுங்கள். ‘பொய் சொல்லிப் போனைக் காப்பாற்றிக்கொள்ளாதா?’ என்றால், சில நேரம் அப்படியும் நடக்கும். மறைப்பதால் வரும் கேட்டோடு பார்த்தால் அது சிறிது. கோபத்தில் அந்த உரையாடலை அழித்துவிடாதீர்கள், சாட்சி அதுதான். திரையைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, குழந்தைக்கு ஆபத்து என்றால் 1098, பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணை அழையுங்கள். பணம் போன விஷயத்தில் மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம். சீக்கிரம் சொன்னால்தான் வங்கியால் அதை நிறுத்தி வைக்க முடியும்.